பைகள் மடிக்குப் போன மதியம்

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு லட்சம் பேர் தேர்வெழுதுவார்கள். சில நூறு பேர்தான் நுழைவார்கள். பஸ் கண்டக்டர் ஒருத்தியின் மகள் அப்படி நுழைந்தவள். அவள் இனத்திலிருந்து அந்த வகுப்புக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். முதல் நாளே துறைத் தலைவர், "இங்கே வேற்றுமை என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று முழங்கினார். உண்மைதான், யாரும் பேசவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் காலி நாற்காலி தோறும் ஒரு பை உட்கார்ந்திருக்கும். "ஆள் வருது" என்பார்கள். ஆள் வராது. ஒருத்தியை ஒதுக்கி வைக்கச் சட்டமா வேண்டும்? ஒரு பை போதும். அவள் ஜன்னல் திட்டில் தட்டை வைத்து நின்றே சாப்பிட்டாள். போனில் அம்மாவிடம் மட்டும், "ஏகப்பட்ட ஃப்ரெண்ட்ஸ்மா, பத்துப் பேர்" என்று அளந்தாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை வர்றேன். எல்லாரையும் பாக்கணும்" என்றாள் அம்மா.

மகள் ஞாயிற்றுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

வியாழன் மதியம் ஜன்னல் திட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், இன்னும் காயவில்லை. கையில் கொதிக்கும் சூப், விரல் பொரிந்தது. எதிரே ஒரு மேசையில் ஆறு பேர், ஆறு பைகள். சிறுவயதில் அம்மாவோடு பஸ்ஸிலேயே வளர்ந்தவளின் தொண்டையிலிருந்து அம்மாவின் குரல் வெடித்தது:

"பையெல்லாம் மடியில வைங்க! ஆளு நிக்குதுல்ல!"

கூடம் முழுக்கப் பைகள் மடிக்குத் தாவின. பஸ் ஏறாதவர் யார்? உடம்பு தானாகக் கீழ்ப்படிந்துவிட்டது. பிறகு அந்த மேசையிலிருந்த நெட்டையன், கொக்கு என்று பெயர் வாங்கியவன், கையை நீட்டினான்.

"ஒரு டிக்கெட் குடுங்க கண்டக்டர்."

"பைக்கும் சேத்து ரெண்டா எடு."

மேசையே குலுங்கியது. அவள் உட்கார்ந்தாள்.

"நீ எங்ககூட பேசமாட்டேன்னு நெனச்சோம்" என்றாள் பக்கத்தில் இருந்த சுருட்டை முடிக்காரி.

"பையோட என்னத்தப் பேச?"

சுருட்டை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தன் ரொட்டியில் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

சூப் ஆறுவதற்குள் அவள் ஞாயிற்றுக்கிழமைச் சங்கடத்தையும் கொட்டிவிட்டாள்.

"எத்தனை ஃப்ரெண்டுன்னு சொல்லி வெச்சிருக்க?" என்று கேட்டாள் சுருட்டை.

"பத்து."

"ஏண்டி, புளுகுறதுதான் புளுகுற, கொஞ்சம் கம்மியா புளுகக் கூடாதா? நாங்களே ஆறு பேர்!"

"மிச்ச நாலு பேரை நான் பிடிச்சுட்டு வர்றேன்" என்று கொக்கு பக்கத்து மேசைக்கு அப்போதே கிளம்பினான்.

ஞாயிறன்று அம்மா பணி முடிந்த கையோடு சீருடையிலேயே வந்தாள். பழக்க தோஷம், மேசையோரம் இடுப்பைச் சாய்த்து நின்றாள்.

"உக்காருங்கம்மா" என்று கொக்கு நாற்காலியை இழுத்தான்.

"எனக்கு யாருப்பா எழுந்து இடம் குடுத்திருக்கா!" என்று சிரித்தபடியே அமர்ந்தாள். அவள் கண் தலைகளை எண்ணி முடித்திருந்தது. மகளின் காதருகே குனிந்தாள்.

"பத்துன்னு சொன்ன. பதினொண்ணு இருக்கே?"

"ஒருத்தன் டிக்கெட் எடுக்காம ஏறிட்டான்மா."

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "இறக்கி விட்டுடாத."