யோவேல் வாசித்த சங்கீதம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே றேணுகாவுக்குக் களைத்துவிட்டது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், மூன்றாம் மாடி வீடு. சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். ஒரு பக்கம் ஆறரை வயது யோவேல், மறுபக்கம் நாலு வயது கெசியா. நடுவில் ஒரு தட்டு வெண்டிக்காய், ஏனென்றால் மத்தியானத்துக்கு யாராவது சமைக்கத்தானே வேண்டும்.

வீட்டில் வைத்துப் படிப்பிப்பது அவள் கண்ட கனவல்ல. அவளும் கணவன் ரெனால்டும் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்து, கலியாணத்தோடு ஒரு சிறிய ஜெபசபைக்கு மாறியவர்கள். அந்தச் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்த பிறகு தாங்களே கேட்டுப் பெறவேண்டும். யோவேலை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானப் பத்திரம் கேட்டார்கள், பங்குத் தந்தையின் கடிதம் கேட்டார்கள். இரண்டும் இல்லை. "கர்த்தர் ஒரு கதவைச் சாத்தினா அதுக்கொரு காரணம் இருக்கும்," என்றான் ரெனால்ட். எட்டாத பழம் புளிக்கும் என்பதைப் பக்தியோடு சொன்னால் இப்படித்தான் வரும். வேறு பள்ளிக்கூடம் தேட அவன் போகவில்லை. கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளாக் வேலை பார்க்கிறவனுக்கு நேரம் ஏது? றேணுகா தன் இன்சூரன்ஸ் கம்பனி வேலையை விட்டாள்.

வெளிநாட்டிலிருந்து சபைக்கு வந்து போன ஒரு குடும்பம் பாடப் புத்தகங்கள் ஒரு பெட்டி விட்டுச் சென்றிருந்தது. இந்தக் கிழமைக்கு அதில் போட்டிருந்த வேலை, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ப் பனியில் முயலின் காலடி தேடுவது. ஜம்பட்டா வீதியில் கன்டெய்னர் லொறியின் ரயர் தடத்தைத் தவிர வேறென்னத்தைத் தேடுவது? தமிழுக்கு அந்தப் பெட்டியில் ஒன்றுமில்லை. வேதாகமமே போதும் என்றார்கள் சபையில். ஆகவே அவள் ஒரு வசனம் வாசிப்பாள், யோவேல் திருப்பிச் சொல்வான். இரண்டு கிழமை போனால் அவனே விரல் வைத்து வேதாகமத்துச் சங்கீதப் பாட்டு ஒன்றை முழுதாக வாசிப்பான். பத்து மாதத்தில் பதினெட்டுச் சங்கீதம். ரெனால்டுக்குச் சபை முழுக்கச் சொல்லி மாளவில்லை.

அன்றைக்கும் யோவேல் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். வெண்டிக்காயை ஒதுக்கிவிட்டு றேணுகா அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். விரல் சரியான வேகத்தில் போனது. ஒவ்வொரு வரி முடிவிலும் இறங்கியது. வாய் சங்கீதத்தைச் சொன்னது. விரலுக்குக் கீழே இருந்ததோ, யாத்திராகமத்தில் வரும் ஆசரிப்புக் கூடாரத்துத் திரைச்சீலை எத்தனை முழம் என்ற கணக்கு.

கெசியா இடையில் பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள். அது அவனுக்குத் தெரியவே இல்லை.

றேணுகா ஒரு தாளில் 'கடல்' என்று எழுதி நீட்டினாள். "இதென்ன, சொல்லுங்கோ பாப்பம்."

யோவேல் தாளைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்தான். "நீங்கள் முதல்ல சொல்லுங்கோ அம்மா. பிறகு நான் சொல்லுறன்."

பத்து மாதமாகப் பிள்ளை அவள் வாயைத்தான் படித்திருக்கிறான். அவளும் கிளிப்பிள்ளையை வளர்த்துவிட்டு, பண்டிதரை வளர்த்ததாக நினைத்திருக்கிறாள்.

பின்னேரம் ரெனால்ட் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். அவன் சப்பாத்தைக் கழற்றுமுன்பே தன் கதையைத் தொடங்கிவிட்டான்.

"டில்ஷானி இருக்கிறாவெல்லே, கொம்பனித்தெருவில? மகன் கிளின்ரனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி உன்னட்ட விடப்போறாவாம். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கட வீட்டிலதானே. யோவேல் வாசிக்கிறதைக் கேட்டிட்டு முடிவெடுக்கிறாவாம்."

சபைக்கு வருகிற டில்ஷானியின் புருஷன் கட்டாரில் வேலை. தனியாகப் பிள்ளையை வளர்க்கிறவள், இவர்கள் சொல்வதை நம்புகிறவள். கிளின்ரன் இரண்டாம் வகுப்பில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறான். றேணுகா வாயைத் திறந்தாள். "தேத்தண்ணி போடட்டோ?" என்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை 'அ'விலிருந்து தொடங்கினாள். நாலு நாளில் ஒருவனை வாசிக்க வைத்துவிடலாம் என்று நினைத்த அவளுடைய அறிவை என்ன சொல்வது! கெசியா 'ப'வையும் 'ட'வையும் கண்டுபிடித்துக் கைதட்டினாள். யோவேல் அவளைப் பார்த்து முகம் கறுத்து, மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டான். றேணுகா அவனை இழுத்தெடுத்துக் கையில் ஒன்று போட்டாள். போட்ட கையோடு அவளுக்கே அழுகை வந்தது. புதன்கிழமை மோட்டர் பழுதாகி, மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. கீழ் மாடியிலிருந்து நாலு வாளி சுமந்த பிறகு யாருக்குப் படிப்பு? உடுப்பு ஊறியபடி கிடந்தது. பிள்ளைகள் ரஸ்க் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

வியாழக்கிழமை காலை யன்னலடியில் நின்ற யோவேல், பள்ளிக்கூட வான் வண்டியில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, "அவையளுக்கும் அவையின்ர அம்மாவோ படிப்பிக்கிறது?" என்று கேட்டான். இல்லை, வேறு வேறு ரீச்சர்மார் என்றாள். "அப்ப அவையின்ர அம்மாமார் என்ன செய்வினம்?"

நித்திரை கொள்வார்கள் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது.

அவளுக்கு நன்றாகத் தெரியும், பேசாமல் இருந்தால் ஒரு சிக்கலும் வராது. வெள்ளிக்கிழமை யோவேல் சங்கீதத்தை அழகாக ஒப்புவிப்பான். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ரெனால்டின் மானம் நிற்கும், அவளுடையதும் நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது அவ்வளவு பெரிய வேலையில்லை. ஆனால் அதன் பிறகு கிளின்ரனும் அந்த மேசையில் வந்து உட்கார்ந்து அவள் வாயைப் பார்ப்பான்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். இரவல் கதிரைகள், பற்றீஸ், பிளேன்ரீ. பாட்டு முடிந்ததும் ரெனால்ட் மகனை நடுவில் நிறுத்தினான். யோவேல் வேதாகமத்தை விரித்து, விரல் வைத்து, ஒரு சொல் பிசகாமல் முழுச் சங்கீதத்தையும் சொன்னான். ஆமென் என்றார்கள். பாஸ்டரம்மா அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். டில்ஷானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் முடிவெடுத்திட்டன் அக்கா. திங்கக்கிழமை கிளின்ரனைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"வேண்டாம் டில்ஷானி," என்றாள் றேணுகா. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவன் வாசிக்கேல்ல. பாடமாக்கிச் சொல்லுறான். அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அது அவன்ர பிழையில்லை, என்ர பிழை. எனக்குப் படிப்பிக்கத் தெரியேல்ல. சமைச்சு, தோய்ச்சு, இதையும் செய்ய எனக்கு ஏலாது. கன நாளா ஏலாமத்தான் இருக்கு."

ரெனால்ட் நிலத்தைப் பார்த்தான்.

"நாங்கள் உங்களுக்காக ஜெபிப்பம் மகள்," என்றார் பாஸ்டரம்மா.

"ஓம், ஜெபியுங்கோ. ஆனா இவன் பள்ளிக்கூடம் போகோணும்."

யோவேல் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். "நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லத்தானே அம்மா?"

"இல்லை ராசா. வடிவாச் சொன்னனி."

டில்ஷானி வாசலில் செருப்பைப் போடும்போது றேணுகாவின் கையைப் பிடித்து, "நல்ல வேளை சொன்னியள் அக்கா," என்றாள். கோபமும் இருந்தது அதில், இல்லாமலில்லை.

எல்லாரும் போன பிறகு றேணுகா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். ரெனால்ட் கோப்பைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பாவம், சபைக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று.

"எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்க வேண்டாம், றேணு," என்றான் அவன். "எனக்குப் போன மாசமே தெரியும். ஒரு கடைப் போர்டை வாசிக்கச் சொன்னனான், என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவன். நீ மனம் உடைஞ்சு போவாய் எண்டுதான் பேசாம இருந்தனான்."

அவள் குழாயை மூடினாள்.

"தெரிஞ்சுகொண்டோ டில்ஷானியைக் கூப்பிட்டனீங்கள்?"

"இன்னொரு பிள்ளையும் வந்தா நீ இன்னும் கவனமாப் படிப்பிப்பாய் எண்டு நினைச்சன்."

இவ்வளவு நாளும் அவள் சுமந்தது போதாதென்று, மேலே ஒரு பிள்ளையை ஏற்றிவிட்டால் நடை ஒழுங்காகிவிடும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்துவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

"திங்கக்கிழமை லீவு போடுங்கோ," என்றாள். "பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா நீங்கள் ஏறி இறங்குங்கோ. கிடைக்கும் வரைக்கும் அந்த மேசையில நீங்கள்தான் இருக்கப்போறீங்கள். நான் இல்லை."

"றேணு, ஒபிசில…"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் நீட்டிய கோப்பைகளை வாங்காமல் அறைக்குள் போய்ப் படுத்தாள். அப்போது எட்டு மணிகூட ஆகியிருக்கவில்லை.