சில்லறைக்குக் கற்ற மொழி

செப்புக் காசை ஈரக் கையில் கொஞ்ச நேரம் இறுக்கி வைத்திருந்தால் ஒரு வாடை வரும். அந்த வாடையும் வெந்த வேர்க்கடலையின் மண் மணமும் சேர்ந்து என் பிள்ளைப் பருவம் முழுவதும் என் விரல்களிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. திருத்தணி ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அம்மா கடலைக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். காசு வாங்குவதும் மீதி கொடுப்பதும் என் வேலை. உலகச் சண்டை அரிசியைத் தின்று, மண்ணெண்ணெயைத் தின்று, கடைசியில் சில்லறையையும் தின்றுவிட்டிருந்த காலம் அது. பழைய பெரிய காலணாக்களை ஜனங்கள் செம்புக்காகப் பதுக்கிவிட, சர்க்கார் நடுவில் துளை போட்ட ஒரு காசை அடித்து விட்டிருந்தது. அதை "ஓட்டைக் காலணா" என்போம். அதுவும் கிடைக்காத நாட்களில் கடைக்காரர்கள் மீதிக்குப் பதிலாக வெற்றிலையையோ தீப்பெட்டியையோ நீட்டுவார்கள்.

என் அண்ணன் முனிரத்தினம் எனக்குப் பத்து வயது மூத்தவன். பொதட்டூர்பேட்டையில் தறிக்குப் போய்க்கொண்டிருந்தவன், நூல் கிடைக்காமல் தறி நின்றதும், பர்மா எல்லையில் பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் சேர்த்த ஒருவனோடு ரயிலேறினான். சில மாதம் மணியார்டர் வந்தது, பிறகு நின்றுபோனது. ஆள் சேர்த்தவனும் ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூலி வேலைக்குப் போகிறவர். "போனவன் போய்ட்டான், உட்டுடு" என்று சொல்லிவிட்டு, தன் பங்குக்கு அழுது முடித்துக்கொண்டார். அம்மா விடவில்லை. தினமும் கடலை விற்ற காசிலிருந்து ஓர் ஓட்டைக் காலணாவை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வந்தாள். மகன் திரும்பியதும் மலைக்கு அழைத்துப்போய் மொட்டையடித்து, முடிந்ததையெல்லாம் உண்டியலில் கொட்டுவதாக முருகனிடம் வேண்டுதல். அதுவரை அந்தக் காசை யாரும் எண்ணக்கூடாது என்பது அவள் கட்டளை.

சண்டை ஓய்ந்த சமயத்தில், பர்மாக் காட்டிலிருந்து திரும்பிய ஆப்பிரிக்கப் பட்டாளம் ஒன்று கார்வேட்நகர்ப் பக்கம் வந்து கூடாரமடித்தது. மூட்டை ஏற்ற, இறக்க அவர்களுடைய லாரிகள் எங்கள் ஸ்டேஷனுக்கு வரும். ஊரில் பாதிப்பேர் அவர்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அம்மாவுக்குக் கூடை காலியாக வேண்டும், அதனால் சாத்துவதற்கு எங்களுக்குக் கதவு இல்லை. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் மூசா. கூடையைப் பார்த்ததும் "திகா! திகா!" என்று கூவிக்கொண்டே குந்தி உட்கார்ந்து, ஒரு கடலையை உடைத்து மோந்து பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் ஊர் மண்ணிலும் கடலைதான் விளையுமாம். அவர் பேசுவது பம்பாரா என்று முகாமில் கணக்கு எழுதிய மதராஸ்காரர் ஒருவர் சொன்னார். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த எனக்கு மூன்றாவதாக ஒன்று வாயில் நுழைவது கஷ்டமாகவே தெரியவில்லை.

எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் காசைப் பற்றித்தான். "ஜோலி?" என்று அவர் கேட்டால் எவ்வளவு என்று அர்த்தம். நான் விரலை மடக்கி "கெலென், ஃபிலா, சபா" என்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்லுவேன். காசுக்கு "வாரி". கையில் காசு இல்லாத நாளில் உள்ளங்கையை விரித்து "வாரி தே ம்போலோ" என்பார், என் கையில் காசில்லை என்று. 'தே' என்றால் இல்லை. கடலை தீர்ந்துபோனால் நான் "திகா தே" என்பேன். 'நா' என்றால் வருவது, கையசைத்து "நா" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கூட வரும் வயதான சிப்பாயைக் காட்டி "கொரோகே" என்பார். கொரோகே என்றால் அண்ணன், அவர் கொடுப்பார் என்று பொருள். அண்ணனிடமும் சில்லறை இல்லையென்றால் "சினி" என்று சொல்லி எழுந்து போவார். சினி என்றால் நாளைக்கு. மறுநாள் லாரி நின்ற உடனே முதல் காரியமாக வந்து பாக்கியைக் கொடுப்பார். ஒரு தரம்கூடத் தவறியதில்லை. உள்ளூர்க்காரர்களின் 'நாளைக்கு' எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அம்மாவுக்கு அந்த மொழியிலேயே மிகப் பிடித்த சொல் சினிதான். "மூசா சினின்னா சினிதான்" என்று நைனாவிடம் பெருமையாகச் சொல்லுவாள்.

ஒருநாள் பொழுது சாயும் வேளையில் அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசைப் போடுவதை மூசா பார்த்துவிட்டார். ஏதோ சேமிப்பு என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே "ஜோலி?" என்றார். அம்மா என் தோளைப் பிடித்து அவர் முன்னால் தள்ளினாள்.

"கேளுடி. இவங்கல்லாம் அந்தக் காட்லேர்ந்துதான வந்துக்கிறாங்க. எம் புள்ளைய பாத்தாரான்னு கேளு. எப்ப வருவான்னு கேளு."

நான் வாயைத் திறந்தேன். காடு என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. பார்த்தீர்களா என்று கேட்கத் தெரியாது. உயிர், சாவு, காணாமற்போவது எதுவும் தெரியாது. கடலை விற்கும் அளவுக்குத்தான் அந்த மொழி எனக்கு வந்திருந்தது, அதை வைத்துக்கொண்டு அண்ணனைத் தேட வேண்டியிருந்தது. ரயில் போகும் திசையைக் கை நீட்டிக் காட்டினேன். அம்மாவின் வயிற்றைத் தொட்டேன். மஞ்சள் துணியைத் தொட்டேன். "கொரோகே... நா?" என்றேன்.

மூசாவின் சிரிப்பு நின்றுவிட்டது. துணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் வெகுநேரம் ஏதோ பேசினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. முடிவில் அம்மாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "சினி" என்றார்.

அதை அம்மாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மூசா கடலை வாங்கவில்லை. கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த ஒரு காசைக் கழற்றி, தன் கையாலேயே அந்த மஞ்சள் துணியில் வைத்தார். நம் காசு மாதிரியே நடுவில் துளை, ஆனால் அளவில் பெரிது. துளையைச் சுற்றி ஆறு முனை கொண்ட நட்சத்திரம் பொறித்திருந்தது. அவர்கள் நாட்டில் வெள்ளைக்காரன் அடித்த சாதாரணச் சில்லறை அது, கடலை வாங்கத்தான் ஆகும். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே அழுதாள். திருத்தணியில் பிறந்தவளுக்கு ஆறுகோணம் முருகனைத் தவிர வேறு யாருடையதாக இருக்க முடியும்?

"அவனே அனுப்பி வெச்சிக்கிறான்டி" என்றாள், மலையைப் பார்த்து.

"அது அவங்க ஊரு காசு, அவ்ளோதான்" என்றார் நைனா.

"நீ சும்மா இரு."

அந்த வாரமே கூடாரங்களைப் பிடுங்கிவிட்டார்கள். மூசாவை ஏற்றிய லாரியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அம்மா மட்டும் அன்றிலிருந்து ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். பட்டணத்திலிருந்து வரும் ரயில் நிற்கும்போதெல்லாம் கடலை விற்பதை விட்டுவிட்டு, பெட்டி பெட்டியாக முகங்களைத் தேடினாள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பும்போது "சினி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே நைனாவுக்கு வெறி வரும். ஒருநாள் சோற்றுப் பானையைத் தூக்கி வாசலில் எறிந்துவிட்டு, "செத்தவனுக்கு எத்தினி நாளு ஆக்கிப் போடுவ?" என்று கத்தினார். அம்மா சிதறிய சோற்றை அள்ளி எடுத்தாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. நைனா முதலில் போனார். பல வருஷம் கழித்து அம்மா, என் மடியில் கிடந்தபடி, தமிழும் தெலுங்கும் குழறிப்போன வாயால், "சினியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு இப்போது தொண்ணூறு ஆகப்போகிறது. வேப்பமரம் இல்லை. கடலை விற்பவர் வண்டியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார், போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் காசு மாறுவதே நின்றுவிட்டது. மஞ்சள் துணி நைந்து, நிறம் போய், என் பெட்டியில் இருக்கிறது. அண்ணன் வந்தால்தான் உண்டியலில் போடலாம், வராததால் போட முடியவில்லை. சாமிக்கு என்று முடிந்ததைச் செலவழிக்கவும் முடியாது. எனக்குப் பின்னால் யாராவது குப்பையில் போடுவார்கள்.

மூசா அந்தக் காட்டில் என்னத்தைப் பார்த்துவிட்டு வந்தாரோ, எனக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் என்னை விடாமல் அரிக்கிறது. "அ தே நா" என்று அவர் சொல்லியிருக்கலாம். அவன் வரமாட்டான். 'தே' எனக்குத் தெரியும், 'நா' தெரியும். சில்லறைப் பேச்சில் கற்றதுதான், கேட்டிருந்தால் உடனே புரிந்திருக்கும். அம்மாவுக்கும் புரிந்திருக்கும். ஒரு வருஷம் அழுதிருப்பாள், பிறகு எங்களோடு வாழ்ந்திருப்பாள். அவளை எரித்துவிட்டு வந்த அன்று, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த மூன்று சொல்லையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியவள் அப்போது இல்லை.