அட்மின் அதிகாரத்தில் வேலை செய்யாத அலையஸ்

2002-ல், பெங்களூரு வைட்ஃபீல்டில் நடந்தது இது. நான் வேலூரிலிருந்து போய் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. புரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம். தலைக்கனம் மட்டும் பத்து வருட சர்வீஸ்காரருடையது.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாகச் சேர்ந்தாலும், சிஸ்டம் அட்மினாக இருந்த பெண் தன் செட்டிங்ஸ் ஃபைலை அவர் லாகினில் போட்டுக் கொடுப்பார். அதில் ஒரு அலையஸ், அதாவது மாற்றுக் கட்டளை, இருந்தது. அழிக்கும் கட்டளையை அடித்தால் எதுவும் அழியாது. குப்பை ஃபோல்டருக்குப் போய்விடும். வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். அந்தத் தைரியத்தில் நான் இஷ்டத்துக்கு அழிப்பேன்.

அந்த அட்மின் பெங்களூரிலேயே மர்பி டவுன்காரர், என் வயதுதான். காண்ட்ராக்ட் வேலை. நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்வதாக இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, சர்வரில் ஒரு பழைய ஃபோல்டரை அழிக்கப் போனேன். அனுமதி இல்லை என்றது. என்னிடம் சொல்வதா? 'சூடோ' சேர்த்து, அட்மின் அதிகாரத்தோடு அடித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், ஃபோல்டர் பெயர் தப்பு. புதன்கிழமை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்டே போயிருந்தது. அலட்டிக்கொள்ளாமல் குப்பை ஃபோல்டரைத் திறந்தேன். காலி. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அட்மினிடம் ஓடினேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஸ்வல்ப இருங்க, கொஞ்ச நேரம் யாரும் சர்வரைத் தொடாதீங்க" என்றார். வெள்ளிக்கிழமை பேக்கப் டேப்பைப் போட்டார். சனி, ஞாயிறு வேலை பார்த்தவர்களிடம் மேசை மேசையாகப் போய், அவரவர் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிகளைச் சேர்த்தார். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் புராஜெக்ட் திரும்ப வந்துவிட்டது. சாப்பிடக்கூடப் போகவில்லை அந்த மனுஷி.

பிறகு ஒரு சோதனை ஃபோல்டரில் என்னையே திரும்பச் செய்யச் சொன்னார். வெறுமனே அடித்தால் ஃபைல் குப்பைக்குப் போனது. முன்னால் சூடோ போட்டால் அலையஸைக் கண்டுகொள்ளவே இல்லை, நிஜமாகவே அழித்தது. அவருக்கே அது அன்றுதான் தெரிந்தது. சூடோவுக்கும் ஒரு அலையஸ் போட்டுச் சரிசெய்யலாமே என்றேன், விடாமல்.

"வேற மெஷின்ல உக்காந்தா அதுவும் இருக்காதே. பாதி நேரம் காப்பாத்தறதை நம்பறதுக்கு அது இல்லாமலே இருக்கலாம்" என்று சொல்லி, எல்லா லாகினிலிருந்தும் அந்த அலையஸையே எடுத்துவிட்டார்.

நாலு மணிக்கு மீட்டிங். யார் செய்தது என்று மேனேஜர் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே அட்மின் எழுந்துவிட்டார்.

"அடிச்சது இவர்தான் சார். ஆனா அழியாதுன்னு எல்லாரையும் நம்ப வெச்சது நான் குடுத்த ஃபைல். சூடோ போட்டு ஒரு வாட்டி நான் டெஸ்ட் பண்ணியிருக்கணும், பண்ணலை."

என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொல்லவில்லை பாருங்கள். உண்மையை முழுசாகச் சொன்னார், அவ்வளவுதான்.

என் வேலை அடுத்த மாதமே உறுதியானது. அவருடையதை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அதைக் கேட்டு நான் கூனிக் குறுகிப்போனேன்.

இன்று என் டீமில் யாராவது எதையாவது கெடுத்துவிட்டு முகம் வெளிறி வந்து நின்றால், வந்தவர் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்னால், அவர் கையில் நான் எதைக் கொடுத்திருந்தேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.