வீல்ஹூக் குடும்பத்தின் கடைசிக் கிளை

இன்று காலை சுகாதாரச் செவிலியர் தெருவில் நின்று குரல் கொடுத்தார். "பள்ளத்து வீட்டு மருமக! பாப்பாவுக்கு இன்னைக்கு ஊசி, மறந்துறாதீங்க!"

மறப்பேனா? தடுப்பூசி அட்டையை முந்தாநாளே எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டேன். போகும்போதும் வரும்போதும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். ஜன்னல் வழியாக "வாரேங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அரிமளத்துக்கு வாழ வந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. என் பெயர் தெரிந்தவர்கள் இந்த வீட்டுக்கு வெளியே யாருமில்லை. எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்வானது, மழை பெய்தால் தண்ணீர் வாசலில் வந்து நிற்கும். அதனால் பள்ளத்து வீடு. நான் பள்ளத்து வீட்டு மருமகள், என் மகள் பள்ளத்து வீட்டுப் பாப்பா.

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். வருத்தமெல்லாம் இல்லை. எனக்கு ஒரு டச்சுக் குடும்பம் நினைவுக்கு வந்துவிட்டது.

பாப்பா மடியில் தூங்குகிறாள். கீழே விட்டால் விழித்துவிடுவாள் என்பதால் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். இடது கால் மரத்துப்போய்விட்டது. ஒரே கட்டைவிரலால் கைப்பேசியில் இதை அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தை, அதாவது என் மாமியார், நாய் வந்துவிடும் என்று வெளிக்கேட்டைக் கொண்டி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெளிப்பக்கம்தான் கொண்டி. ஆனால் பூட்டவில்லை, கம்பிக்குள் கையை விட்டால் திறந்துகொள்ளலாம். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். என் கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான்.

அத்தை மிளகாய் அரைக்கப் போயிருக்கிறார். திரும்பும்போது வாளி சூடாக இருக்கும், வீடெல்லாம் நெடி ஏறும். மற்றவர்களுக்கு அது தும்மல் வரவழைக்கும் நெடி. எனக்கு அது வேலை பார்த்த இடத்தின் வாசனை.

கல்யாணத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வேலை பார்த்தேன். கீழே மிளகாய், மல்லி அரைக்கும் மில். மேலே நாங்கள், பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நெதர்லாந்து நாட்டின் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படம்பிடித்து அனுப்புவார்கள். யார் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், யார் இறந்தார் என்று அந்தக் கோணல் எழுத்தைப் படித்து அடித்துக் கொடுக்க வேண்டும். தங்கள் முன்னோர் யார் என்று தெரிந்துகொள்ள அங்கே ஆட்கள் பணம் கட்டிக் காத்திருந்தார்கள். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, இலுப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், டச்சுக்காரர்களுக்குப் பாட்டன் பூட்டன் தேடிக் கொடுத்தேன். என் சொந்தப் பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரே பக்கத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். இருவர் அடித்ததும் ஒன்றாக இருந்தால் சரி. வேறுபட்டால் சிவப்பாகக் காட்டும், மூன்றாவது ஆள் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. விதியைக் காப்பாற்றியது சுவரில் ஒட்டிய தாள் மட்டும்தான். "ஏய், இந்த எழுத்து 'n'ஆ 'u'வா?" "கொக்கி மேல பாக்குதா கீழ பாக்குதா?" "ஒங்காளு மூணாவது பொண்டாட்டியும் செத்துட்டாடி!" என்று சத்தம் கிழக்கும் மேற்கும் போய்க்கொண்டிருக்கும். மிளகாய் நெடி ஏறி ஒருத்தி தும்மினால் வரிசையாக எல்லோரும் தும்முவோம்.

ஆளுக்கொரு குடும்பப் பெயர் பொறுப்பு, எனக்கு வந்த பெயர் வீல்ஹூக். பக்கத்து இருக்கை மேகலா அதைப் பார்த்ததும், "வீலு, ஹூக்கு… லாரி சாமான் கடை மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒரு வயதான அம்மாள்தான் தேடச் சொல்லியிருந்தார். அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. தன் அப்பாவின் பெயர் எங்கிருந்து வந்தது, அந்தப் பெயருள்ளவர்கள் இன்னும் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். அது அங்கேயே அபூர்வமான பெயராம். ஓர் ஆற்றுப்படுகையில் சில வீடுகள், அமெரிக்காவுக்குப் போன ஒரு கிளை, அவ்வளவுதான். அமெரிக்காக்காரர்களும் வாயில் நுழையவில்லை என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பூ வைக்க வந்தார்கள். இலுப்பூர் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். அப்பா தயங்கித் தயங்கி, "புள்ள வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கு…" என்று இழுத்தார். அத்தை சட்டென்று சொன்னார்: "கையில இருக்குற வேலைய முடிச்சுட்டு நின்னுக்கட்டுங்க. பாதியில விட்டுட்டு வான்னு சொன்னா நல்லாருக்காதுல்ல." அத்தை அப்படித்தான். களை பாதி கிடக்கும்போது வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சபையில் சொன்ன சொல், அதற்கு மேல் பேச்சில்லை.

அறைக்குள் பட்டுப்புடவையில் உட்கார்ந்தபடி நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேகலாவிடம் இருந்தது ஊர் ஊராகப் பரவிக் கிடக்கும் பெயர், தோண்டத் தோண்ட வரும். என் கையில் இருந்ததோ அற்றுப்போய்க்கொண்டிருக்கும் பெயர். வீல்ஹூக் முடியும் அன்றைக்கு நானும் முடிந்தேன்.

அதற்குப் பிறகு பதிவேட்டைப் பார்க்கும் என் கண்ணே மாறிவிட்டது. ஒரு வீல்ஹூக்குக்கு மகன் பிறந்தால் எனக்கு நிம்மதி. மகளாகப் பிறந்தால் பகீரென்றது, கட்டிக்கொண்டு போன பிறகு அவள் பிள்ளைகள் வேறு பெயருக்குப் போய்விடுவார்களே. ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இப்படி நினைக்கலாமா என்று தோன்றும். தோன்றியும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஹெண்ட்ரிக் என்று ஒரு பிள்ளை. அதே அப்பா, அதே அம்மா, கொஞ்சம் தள்ளி மறுபடியும் ஹெண்ட்ரிக். இன்னும் தள்ளி இன்னொரு ஹெண்ட்ரிக். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, நீக்கிவிடலாம் என்று குறிப்பு எழுதினேன். எங்கள் டீம் லீடர் கூப்பிட்டு, "டூப்ளிகேட் இல்லம்மா. மொதப் புள்ள செத்துருச்சு. அந்தப் பேரையே அடுத்ததுக்கு வச்சிருக்காங்க, அதுவும் செத்துருச்சு" என்றார். நம் பக்கத்தில் இறந்த பிள்ளையின் பெயரை வாயால் சொல்லவே தயங்குவார்கள். அடுத்த பிள்ளைக்கு அதை வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். இப்போது அந்த மூன்றாவது ஹெண்ட்ரிக்கின் தாயை நினைத்தால் மடியில் கிடப்பவளின் மூக்கடியில் என் விரல் தானாகப் போகிறது. மூச்சு வருகிறது. இதோ, மறுபடியும் பார்த்துவிட்டேன்.

இன்னும் பழைய ஏடுகளுக்குப் போனபோதுதான் ஒரு குளறுபடி நடந்தது. அந்தக் காலத்தில் அங்கே சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஆள் பெயர், கூடவே அப்பா பெயர். நம் இனிஷியல் மாதிரியேதான். அதற்கும் பின்னால் வீல்ஹூக் என்று எழுதியிருந்தால் நான் அதை ஊர் என்று எடுத்துக்கொண்டு ஊருக்கான கட்டத்தில் போட்டேன். நம் ஊரில் அப்பா பெயரைத் தாண்டி ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது ஊர்ப் பெயர்தானே? அதே பக்கத்தைத் தனியாக அடித்த மேகலாவும் அதையே செய்தாள். இருவர் அடித்ததும் ஒன்றாக இருந்ததால் எங்கும் சிவப்புக் காட்டவில்லை. அப்படியே போய்விட்டது.

சில நாளில் டீம் லீடர் முகம் சிவந்து வந்தார். "அந்தம்மாவோட குடும்பத்தையே காணோம்கிறாங்க. எங்கம்மா போட்டீங்க?"

"ஊர்ல போட்டோம் சார்."

"எந்த ஊர்ல?"

"வீல்ஹூக்ல சார்."

"அப்படி ஒரு ஊரே இல்லம்மா அந்த நாட்டுல!"

மேகலா மெதுவாக, "இருந்திருக்கும் சார், பஸ் போகாத ஊரா இருக்கும்" என்றாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

டீம் லீடர் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினார். அந்த அம்மாளிடமிருந்து பதில் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து வந்தது, நீளமாக. எங்கள் தப்பைப் பார்த்த பிறகுதான் அவர் பழைய வரைபடங்களைத் தேடியிருக்கிறார். ஆற்றங்கரை உடைப்பெடுத்தால் வெள்ளம் பாய்கிற இடத்தில் ஆழமாகப் பள்ளம் பறித்துவிடும். கரையைத் திரும்பக் கட்டும்போது அந்தப் பள்ளத்தை மூட முடியாமல் சுற்றி வளைத்துக் கட்டுவார்களாம். தேங்கி நிற்கும் அந்தக் குட்டைக்கு வீல் என்று பெயர். ஹூக் என்றால் மூலை. அந்தக் குட்டை மூலையில் சில குடிசைகள், அங்கே இருந்தவர்களை ஊரார் அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பின்னாளில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, அவர்கள் அதையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, நாங்கள் போட்ட கட்டம் சரிதான். கண்மாய் உடைப்பெடுத்த இடத்தில் கிடக்கும் கிடங்குப் பள்ளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பெருமை பேசலாம். உண்மையில் ஒன்றும் தெரியாது. தற்செயல்.

ஆனால் அந்த மெயிலில் எனக்கு வேண்டியது வேறொன்று. இனி ஊர்க் கட்டத்திலும் தேட வேண்டும், எல்லா ஏடுகளையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். முதலிலிருந்து! மேகலா என் கையைக் கிள்ளினாள். "ஒனக்கு ஆயுசு கெட்டிடி."

கல்யாணம் முடிந்து அரிமளத்திலிருந்து போய்வர ஆரம்பித்த பிறகு, கப்பல் ஆட்களின் பதிவில் ஒருவனைக் கண்டுபிடித்தேன். வில்லெம், ஊர் வீல்ஹூக், தச்சு வேலை. அந்தக் காலத்தில் நம் பக்கம் வியாபாரத்துக்கு வந்த டச்சுக் கம்பெனிக் கப்பலில் ஏறியிருக்கிறான். இறங்கிய இடம் நாகப்பட்டினம். நான் இருக்கையைவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். நாகப்பட்டினத்துக்கு நாங்கள் பஸ்ஸில் போய்வருகிறவர்கள்! அதற்குப் பிறகு அவன் செத்ததாகவும் இல்லை, ஊர் திரும்பியதாகவும் இல்லை. நம் கடற்கரையில் எவளையாவது கட்டிக்கொண்டு இருந்திருப்பானோ? அவன் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் போயிருக்காது, ரத்தம் போயிருக்கும். அந்த அம்மாள் உடனே எழுதினார்: அவனைத் தேடுங்கள், கிடைக்கிறவரைக்கும் தேடுங்கள்.

அத்தையிடம் சொன்னேன். "இன்னும் முடியல அத்தை."

"அதென்னாத்தா வேல, ஊத்து வராத கெணத்த வெட்டுற மாதிரி வெட்டிக்கிட்டே இருக்கீக?" என்றார். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

நிறுத்தியது அவரல்ல. மசக்கை. திருமயம் சாலையில் பஸ் குலுங்கும்போதெல்லாம் வாந்தி. டாக்டரம்மா பஸ்ஸே கூடாது என்றார். நான் பயந்தவள், ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. "நீ வர்ற வரைக்கும் ஒன்னோட ஆள நான் தொட மாட்டேன்டி" என்று மேகலா போனில் சொன்னாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டின் நான்கு சுவருக்குள் இத்தனை மாதம் இருந்தேன். பால் கொடுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அத்தையிடம் எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வேலை இன்னும் முடியவில்லை, சபையில் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையை விட்டுப் போக நினைப்பவள் நல்ல தாயா? அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

இன்று செவிலியர் போனதும் என்ன துணிச்சலோ, மேகலாவைக் கூப்பிட்டேன். அடுத்த மாதம் வரலாமா என்று கேட்டேன்.

"எங்கடி வருவ?" என்றாள். "மூடிட்டாங்கடி. பச்ச ஒடம்புக்காரிகிட்ட எதுக்குச் சொல்றதுன்னுதான் விட்டேன். இப்ப அந்தக் கையெழுத்தையெல்லாம் மிஷினே படிக்கிதாம். நாம வருசம் பூரா அடிச்சத ஒரு மத்தியானத்துல முடிச்சிருதாம்."

"வில்லெம்?"

"படிச்சிருக்கும். வில்லெம், நாகப்பட்டினம்னு அதுவும் போட்டிருக்கும். அந்தம்மாகிட்டேருந்துதான் அப்பறம் மெயிலே வரல."

இந்த இடத்தில் பாப்பா விழித்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து சாயங்காலம் தொடர்கிறேன். ஊசி போட்டாயிற்று. தொடை லேசாக வீங்கியிருக்கிறது, உடம்பு சுடுகிறது. சுடும் என்று செவிலியர் சொன்னார். இருந்தாலும் தெர்மாமீட்டரைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அத்தை மிளகாய்த்தூளை முறத்தில் பரப்பி ஆறவிட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஏத்தா, அந்தக் கப்பக்காரன் வேல பாதியிலயே கெடக்கே. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் போயி முடிச்சுட்டு வா. நான் பாத்துக்க மாட்டேனா?"

இத்தனை மாதம் நான் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதுவும் தேவைப்படவில்லை.

"முடிஞ்சிருச்சு அத்தை" என்றேன்.

"கெடைச்சானா?"

"நாகப்பட்டினம் வரைக்கும் வந்தான்."

"சரி, அப்பறம்?"

அப்புறம் என்று கேட்பதற்காகத்தான் அந்த மாடியில் அத்தனை பேர் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது அங்கே கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம், கூரை தொடும் அளவுக்கு.