பல்ப் எரிந்ததற்குக் கைதட்டினார்கள்

எங்கள் நூலகத்துக்குக் கொழும்பிலிருந்து பல்கலைக்கழக ஆட்கள் வந்தபோது எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. போன பிறகும் பிடிக்கவில்லை. இடையில் சில சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. அதை மறைக்க மாட்டேன்.

நான் அந்த நூலகத்துக்குப் பொறுப்பு. பொறுப்பு என்றால் திறப்பது, கூட்டுவது, பூட்டுவது. யுத்தம் முடிந்து, ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் வரத் தொடங்கிய காலத்தில் பிரதேச சபை கட்டித் தந்த ஒற்றை அறை அது. பாதிப் புத்தகங்கள் யாரோ வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய பாடப் புத்தகங்கள். உப்புக் காற்றில் அலுமாரி துருப்பிடித்து, இழுத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். பத்திரிகை பார்க்க நாலு ஆம்பிளைகள் வருவார்கள். மழை பெய்தால் பிள்ளைகள் வருவார்கள். அவ்வளவுதான்.

வந்தவர்களுக்குத் தலைவி ஒரு பேராசிரியை. மேடம் என்று கூப்பிட்டோம். தமிழ் நன்றாகக் கதைத்தார். கிராமத்து நூலகங்களில் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து கையால் பொருட்கள் செய்யும்போது என்ன படிக்கிறார்கள் என்று ஆராய்கிறாராம். குடும்பப் பொறியியல் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்.

"குடும்பம் எண்டா ஆரு மேடம்?" என்று கேட்டேன்.

"உம்மா, வாப்பா, பிள்ளைகள். எல்லாரும் ஒண்டா இருந்து செய்யணும்."

"வாப்பாமார் கடல்ல. உம்மாமார் கருவாட்டு வாடியில. பிள்ளைகள் தெருவில. இவங்கள ஒண்டா நீங்க எங்க கண்டீங்க?"

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

வாப்பாமார் வரவேயில்லை. உம்மாமார் வந்தார்கள். முதலில் சுவரோரம் வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் செய்வதைப் பார்த்தார்கள். மேடம் விடவில்லை. கத்தரிக்கோலை அவர்களுடைய கையில் கொடுத்தார். மட்டையால் பாலம் கட்டி அதன்மேல் கல் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒருத்தி பாலத்தைக் கட்டி முடித்துவிட்டு, "கல்லு போதாது மேடம், என்ட மாமிய ஏத்திப் பார்ப்பம்" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. அலுமாரிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காத அறை அது. அன்றைக்கு நானும் ஒரு பாலம் கட்டினேன். விழுந்துவிட்டது.

வந்த உம்மாமாரில் ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எங்கள் முகாம் பக்கத்துப் பெண். அகதி முகாமாக இருந்த இடம், முகாம் என்றே இன்னமும் சொல்கிறோம். கல்வீடு கட்டியும் அந்தப் பெயர் போகவில்லை. என்னைப் போலவே தொண்ணூறில், யுத்தத்துக்குள் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சின்னப் பிள்ளையாகத் தாயின் இடுப்பில் வந்தவள். புருஷன் மீன்பிடிகாரர். பிரஷர் ஏறி, சிறுநீரகம் கெட்டு, கடலுக்குப் போவதை விட்டிருந்தார். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு.

புத்தளம் ஆசுப்பத்திரியில் டொக்டர் உப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். அவள் நிறுத்தினாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் உப்பில்லாத மீன், உப்பில்லாத சோறு. புருஷன் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்புவார். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. கிளினிக்கில் ஒரு தாதி சனத்துக்கு முன்னால் அவளைப் பிடித்து ஏசியிருக்கிறாள். "உப்புப் போட்டு ஆக்கிக் குடுத்துட்டு இங்க வந்து பொய் சொல்றது." அதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. "ராத்தா, என்ட நாக்குக்கே ருசி மறந்து போச்சு. நான் பொய் சொல்றேனாம்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மேடம் மின்சாரம் சொல்லிக்கொடுத்தார். ஒரு பற்றரி, ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப், இரண்டு ஆணி, வயர். ஆணி இரண்டையும் தண்ணீரில் விட வேண்டும். கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் விட்டார். பல்ப் எரியவில்லை. அதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினார். எரிந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் போகும், நல்ல தண்ணீரில் போகாது என்று விளக்கினார்.

அவள் எழும்பினாள். "மேடம், எங்கட கிணத்துத் தண்ணிய விட்டா?"

என் மேசையில் நான் குடிக்கக் கொண்டுவந்த போத்தல் இருந்தது. முகாம் கிணற்றுத் தண்ணீர். அவளே எடுத்துக் கோப்பையில் ஊற்றினாள். மகள் ஆணிகளை விட்டாள்.

பல்ப் எரிந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பல்ப் எரிந்தால் கைதட்டுவது அந்த அறையில் வழக்கமாகியிருந்தது. உம்மாமாரும் தட்டினார்கள். மேடமும் தட்டி, ஃபோட்டோவும் எடுத்தார். அவள் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு விளங்கியது. மற்ற யாருக்கும் அப்போது விளங்கவில்லை.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமுக்கு நடுவில் இருக்கிறது. இந்த ஊரின் பழைய குடும்பம் ஒன்று, தங்கள் மௌத்தாகிப்போன தாயின் பெயரில் வெட்டிக் கொடுத்தது. சுவரில் மாபிளில் பெயர் இருக்கிறது. ஸதக்கத்துல் ஜாரியா, நின்று நிலைக்கிற தர்மம். சனம் அதில் குடிக்கிற காலமெல்லாம் அந்தத் தாயின் கபுருக்கு நன்மை போய்ச் சேரும். அதனால் நாங்கள் வாளியை இழுக்கும்போதே அந்த மனுஷிக்காக ஒரு துஆ கேட்போம். வெட்டிய காலத்தில் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. பிறகு தோட்டக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் இராப்பகலாக மோட்டர் வைத்து இழுத்தார்கள். நிலத்தடியில் கடல் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் நாக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. தேத்தண்ணி கொஞ்சம் ஒரு மாதிரி என்று யாராவது சொன்னால், "பால்மா சரியில்ல" என்போம். கிணறு சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால், ஒரு தாயின் நன்மை நின்றுபோய்விட்டது என்று சொன்ன மாதிரி.

அடுத்த சனிக்கிழமை அவளும் மகளும் ஒரு பை நிறையப் போத்தல்களுடன் வந்தார்கள். சுற்றியிருக்கிற கிணறு எல்லாவற்றிலும் பிடித்திருந்தார்கள். எல்லாவற்றிலும் பல்ப் எரிந்தது. சிலதில் கூட, சிலதில் குறைய. ஒன்றில் மட்டும் எரியவில்லை. கையால் மறைத்து உற்றுப் பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம். அது ஹாஜியாரின் தென்னந்தோட்டத்துக் கிணறு. ஹாஜியார் என்பவர் முகாமுக்குக் கிணறு கொடுத்த அதே குடும்பத்தின் மகன். தோட்டத்துக்கு வேலியும் பூட்டிய கேற்றும் உண்டு. அங்கே தேங்காய் பொறுக்கப் போகிற ஒருத்தியிடம் சொல்லித்தான் ஒரு போத்தல் எடுப்பித்திருக்கிறாள்.

டொக்டரிடம் போய்ச் சொன்னாள். இவருக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதே, மாற்று என்று அவரும் சொன்னார். பவுசர் லொறித் தண்ணீர் நினைத்த நேரம் வரும், வராது. அவளுக்குத் தேவை ஹாஜியாரின் கிணற்றில் ஒரு நாளைக்கு ஒரு குடம்.

"கேட்டா தருவார்," என்றாள். "அவர் மோசமான ஆள் இல்ல ராத்தா."

மோசமான ஆள் இல்லைதான். நோன்புக் காலத்தில் அரிசி கொடுப்பார். அவள் நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கண்காட்சி வந்தது.

வேலைத்திட்டம் முடிகிறதென்று மேடம் கண்காட்சி வைத்தார். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்கிற பொருளைச் செய்து காட்ட வேண்டும். ஈ விரட்டுகிற காற்றாடி வந்தது. கோழிக்கூட்டுக் கதவு வந்தது. இவளும் மகளும் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கிணற்றின் பெயரை ஒட்டி வைத்தார்கள். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "இதுதான் எனக்கு வேணும். இது உண்மையான பிரச்சினை" என்றார். பிரதம விருந்தாளி யார் என்று அவருக்குத் தெரியும். கதிரைக்குத் துணி போர்த்தியவரே அவர்தான். ஊரில் எது நடந்தாலும் ஹாஜியாரைத்தான் அழைப்பார்கள்.

ஹாஜியார் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். சிறுமி பாடமாக்கியதை ஒப்புவித்தாள். "இது முகாம் கிணறு. பல்ப் நல்லா எரியுது. அப்ப இதில உப்புக் கூட. இது உங்கட தோட்டத்துக் கிணறு. எரியல்ல. அப்ப இது நல்ல தண்ணி."

ஹாஜியார் குனிந்து, கோப்பையில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தார்.

"ஆரு புள்ள உனக்கு இதச் சொல்லித் தந்தது?"

"நாங்கதான் கண்டுபிடிச்ச."

ஹாஜியார் சிறுமியின் தாயைப் பார்த்தார். "எங்கட உம்மாட பேர்ல குடுத்த கிணறு. அதில உப்பு. என்ட தோட்டத்தில நல்ல தண்ணி. நாங்க நல்லத வச்சிக்கிட்டு உப்புத் தண்ணிய உங்களுக்குத் தந்திருக்கிறம். அதானே சொல்ல வாறீங்க?"

"அல்லாஹ்வுக்காக அப்பிடி இல்ல ஹாஜியார். நீங்க தந்த நேரம் அது நல்ல தண்ணி. இப்ப கெட்டுப் போச்சு. எங்கட வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏலாது. உங்கட தோட்டத்தில ஒரு குடம்..."

"தொண்ணூறில வந்து எறங்கின நேரம் ஆரு தண்ணி தந்த? அப்ப பல்ப் வச்சிப் பார்த்தா குடிச்ச?" இதைக் கேட்டது ஹாஜியார் இல்லை. பின்னால் நின்ற ஒருவன்.

"நீ அப்ப பொறக்கவும் இல்லடா. வாய மூடு" என்றேன்.

மேடம் குறுக்கே வந்து, பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டுவோம் என்று சொல்லிக் கைதட்டினார். ஒருவரும் தட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹாஜியார் ஆள் அனுப்பினார். தண்ணீர் தரலாம். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவளுடைய புருஷன் பள்ளிவாசலில் எழும்பி, கிணறு நல்ல கிணறு, பிள்ளை விளையாட்டாகச் சொன்னது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

நான் மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. பல்ப் பொய் சொல்லாது எண்டு சொல்லுங்க. படிச்ச ஆள் சொன்னா ஹாஜியார் கேப்பார்."

"எங்களுக்குக் கல்வி ஆராய்ச்சிக்குத்தான் அனுமதி. தண்ணீர் விஷயத்தில் நாங்கள் தலையிட முடியாது. நீங்கள் நீர் வழங்கல் சபைக்கு அறிவியுங்கள்."

"உண்மையான பிரச்சினை வேணும் எண்டு கேட்டது நீங்கதானே?"

"அந்தத் தாயும் மகளும் மிக நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அது எங்கள் ஆய்வில் வரும்" என்றார். நான் வைத்துவிட்டேன். அந்தக் கிழமையே ஒரு வான் வந்து பற்றரி, வயர், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் கேட்டோம். பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றோம். மூச்சு வாங்க வாங்க அந்த மனுஷன் பேசினார். கிணறு நல்லது. தண்ணீர் நல்லது. என்னுடைய பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டது. கிணற்றில் பெயர் இருக்கிற அந்தத் தாய்க்கு அல்லாஹ் நன்மையைக் கொடுக்கட்டும். ஆமீன் என்று பள்ளி முழுக்கச் சொன்னது. பிறகு நடந்ததை என் புருஷன் வீட்டுக்கு வந்து சொன்னார். யாரோ அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கிளாஸில் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்திருக்கிறார். டொக்டர் குடிக்காதே என்ற தண்ணீரை. ஹாஜியார் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாராம்.

வாக்கைக் காப்பாற்றினார் ஹாஜியார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கேற் திறக்கும். அவள் ஒரு குடம் நிறைத்துக்கொண்டு வருவாள். அந்த மனுஷனின் பிரஷர் கொஞ்சம் இறங்கியது. கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பி வராது. இருக்கிறது இன்னும் கொஞ்சக் காலம் ஓடும் என்றார் டொக்டர்.

முகாமில் மற்றவர்கள் எல்லோரும் பழைய கிணற்றில்தான். முன்பு சந்தேகப்பட்டவர்களும் பள்ளியில் சொன்ன பிறகு சந்தேகப்படவில்லை. கால் வீங்கிய ஒரு பிள்ளைத்தாச்சி அவளிடம் போய், "அந்த ஆணியப் போட்டு என்ட தண்ணியையும் ஒருக்காப் பாருங்க" என்று கேட்டிருக்கிறாள். "பள்ளியில சொன்னது கேட்கல்லியா? தண்ணி நல்லது" என்று சொல்லி இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

நான் போய் ஏசினேன். குடத்தை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ராத்தா, நான் வாயத் திறந்தா நாளைக்குக் கேற் திறக்காது. நீங்க வந்து இவருக்குத் தண்ணி தருவீங்களா?"

அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

அந்தப் பிள்ளைத்தாச்சி நூலகத்துக்கு வந்தாள். அவளிடம் நான் மறைக்கவில்லை. தண்ணீரில் உப்பு இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், குடிக்காதே என்றேன்.

"அப்ப பள்ளியில பொய்யா சொன்ன?"

"ஓம்."

"சரி ராத்தா. அப்ப நான் எதக் குடிக்க?"

நான் அலுமாரியைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். அவள் வெளியே வைத்திருந்த குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். நூலகத்தைப் பூட்டிவிட்டு நானும் அங்கேதான் போனேன். என் வீட்டிலும் தண்ணீர் முடிந்திருந்தது.