லூர்தக்காவின் இரண்டாவது ரிப்போட்

செவ்வாய்க்கிழமை காலை தங்கா பத்து சந்தையில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: "லூர்தக்கா இறைவனில் இளைப்பாறினார்." கையிலிருந்த மீனைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மலாக்கா நீதிமன்றத்தில் அவரும் நானும் பல ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தோம். குற்றச்சாட்டை அவர் வாசித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்; ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் விடமாட்டார். ஒருமுறை எண்ணெய்ச் செம்பனைக் குலை களவுபோன வழக்கில் தோட்டத் தொழிலாளி ஒருவர், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கொள்ளைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள அவசரப்பட்டார். "காவலாளியை அடிப்பதாக மிரட்டி" என்ற இடத்தை அக்கா நிதானமாக வாசித்ததும் பதறிவிட்டார்: "குலைய எடுத்தேம்மா, ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஜாகாவ நான் பாக்கவே இல்லியே!" அதை அக்கா அப்படியே நீதிபதிக்கு மலாயில் சொன்னார். ஒப்புதல் ஏற்கப்படவில்லை.

"எடுத்தா திருட்டு. எடுக்கறதுக்காக அடிச்சா, அடிப்பேன்னு பயங்காட்டினா கொள்ளை. நடுவுல ஒரு மனுஷனோட பாதி ஆயுசு கிடக்கு செல்வி" என்பார் அக்கா என்னிடம்.

ஒருநாள் அவருக்கே திருட்டு நடந்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து தஞ்சோங் கிளிங் சாலையோரம் நடந்தவரின் சங்கிலியைப் பின்னாலிருந்து ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். நம் பெண்கள் செய்வதுபோல் அக்காவும் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்தியிருந்தார். ஊக்கு பிய்ந்து கழுத்தைக் கிழித்துவிட்டது. காவல் நிலையத்தில் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக, கூடப் போன நான் மலாயில் சொல்லச் சொல்ல போலீஸ்காரர் கணினியில் தட்டினார். அந்த ரத்தத்தைப் பார்த்து எனக்குப் பொல்லாத ஆத்திரம். எந்தச் சொல் எந்தப் பிரிவுக்கு இழுக்கும் என்று தெரிந்தவளாயிற்றே! "தள்ளிக் கீழே வீழ்த்தினான்" என்று சேர்த்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அக்கா கையெழுத்துப் போட்டார்.

இரண்டே நாளில் ஆள் பிடிபட்டான். காயப்படுத்திக் கொள்ளையடித்ததாக வழக்கு. ரோத்தான் பிரம்படி வரை போகும் குற்றம். பிறகுதான் அக்கா ரிப்போட்டின் நகலை வாசித்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "வா, திருத்தணும்" என்றார், அவ்வளவுதான்.

நிலையத்தில் இருந்த தமிழ் சார்ஜன் முகம் சுளித்தார். "பொய் ரிப்போட்டுன்னா உங்க மேலயே கேஸ் வரும்லா. வேலையும் போயிடும். யாரு இப்படிச் சொன்னது?"

நான் அக்காவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"கையெழுத்து என்னோடது சார்" என்றார் அக்கா. "அவன் தள்ளல, அடிக்கல, மிரட்டல. ஊக்குதான் கிழிச்சது. திருடினான். திருடினான்னே எழுதுங்க."

கழுத்தில் கட்டோடு, தன் சங்கிலியைப் பறித்தவனுக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்த அந்தப் பெண்ணைப் பார்த்து மலைத்து நின்றேன். அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

குற்றச்சாட்டு திருட்டாக மாறியது. அக்கா மீது வழக்கு வரவில்லை. வேலையிடத்தில் விசாரணை வந்தது, பதவி உயர்வு நின்றது. "மொதல்ல கூட்டிச் சொன்னவங்கதானே" என்று கோயிலில் அவர் காதுபடவே பேசினார்கள். ஒருநாளும் அவர் என் பெயரைச் சொன்னதில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நேற்று அடக்கத்தின்போதும் யாரோ அதையே முணுமுணுத்தார்கள். அக்காவை அறிந்தவர்களே, கூட்டிச் சொன்னவள் நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வரியைச் சொல்லும் தைரியம். அதுவும் அவர் போன பிறகுதான் வந்தது.