சுவருக்கு அந்தப் பக்கத்து ஜெபமாலை

ஏலாக்குறிச்சியில் இருதயநாதனைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். அரசு பஸ்ஸில் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவரும் அதை விடுகிற மாதிரி நடந்துகொள்ளவில்லை. கோயிலில் பூசை கொஞ்சம் தாமதித்தால் பீடத்தைப் பார்க்க மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வீட்டில் சோறு பிந்தி வந்தால், லேட்டாக வந்த வண்டியைப் பார்ப்பது போலத் தட்டைப் பார்ப்பார். அவர் மனைவி சவரியம்மாளுக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. "எங்க வூட்டுல நான் பொண்டாட்டி இல்ல, பாசஞ்சர்" என்று குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் பாதி அவருக்கு, பாதி தம்பி மரிய ஆல்பர்ட்டுக்கு. பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவே கொத்தனார் எழுப்பிய சுவர் உத்தரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே ஓடு வரைக்கும் காற்றுக்கு விட்ட இடைவெளி. அந்தப் பக்கம் தாளிப்பது இந்தப் பக்கம் மணக்கும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்தில் சுக்குத் தட்டும் சத்தம் கேட்கும். பாகம் பிரித்த பிறகும் அண்ணன் தம்பிக்குள் நல்ல ஒட்டுறவு இருந்தது. கெட்டது டிவி டிஷ்ஷால்தான்.

ஆல்பர்ட் தன் பக்கத்துப் பின்தளத்தில் தூண் எழுப்பித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஏற்றி வைத்தார். அது சரியாக அண்ணன் டிஷ்ஷுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் உடனே கவனிக்கவில்லை. கால் முறிந்து கட்டுப்போட்டு வீட்டில் கிடந்த இருதயநாதன், அந்த வருஷத்து ஈஸ்டர் இரவுப் பூசையை டிவியில் பார்க்க உட்கார்ந்தபோதுதான் திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. ஊரே கோயிலில் மெழுகுதிரி பிடித்து நிற்க, இவர் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பின்தளத்தில் வாக்குவாதம். பேச்சோடு பேச்சாக, "நீ எப்பவுமே அடுத்தவன மறைச்சுக்கிட்டு நிக்கிறவன்தான்டா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். "இனிமே ஒங்கள அண்ணேன்னு கூப்புட மாட்டேன்" என்றார் தம்பி. சொன்னபடியே நடந்துகொண்டார். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. டிஷ்ஷைக் கழற்றித் தளத்தின் அடுத்த மூலைக்கு மாற்றிக் கொடுத்தது திருமானூர்க் கடைக்காரர் தமிழழகன். பேச்சை மாற்றி வைக்க ஆளில்லை.

வருஷங்கள் போயின. சம்சாரங்கள் இரண்டு பேரும் குழாயடியில் பேசிக்கொண்டார்கள், கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் மாற்றிக்கொண்டார்கள். ஆண்கள் இருவரும் வாசலில் எதிர்ப்பட்டால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

ஆனால் சாயங்காலம் ஒன்று நடந்துவந்தது. அதை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை, சவரியம்மாளிடம்கூட இருதயநாதன் சொன்னதில்லை. விளக்கு வைத்த பிறகு கிறிஸ்தவச் சேனல் ஒன்றில் ஜெபமாலை வரும். ஜெபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' என்று ஒருவர் முதல் பாதியைச் சொன்னால், மற்றவர்கள் 'புனித மரியே' என்று மறுபாதியைச் சொல்ல வேண்டும். ஜெபமாலை முழுவதும், உருட்டுகிற ஒவ்வொரு மணிக்கும் அதுதான். இரண்டு வீட்டிலும் டிஷ்தான், இரண்டு வீட்டிலும் அதே சேனல். டிவியில் சாமியார் முதல் பாதியை முடித்ததும், சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் குரலும் அந்தப் பக்கம் தம்பி குரலும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஆல்பர்ட்டுக்குக் கனத்த குரல். 'இறைவனின் தாயே' என்னும் இடத்தில் சிறுவயதிலிருந்தே கொஞ்சம் அவசரப்படுவார். இருதயநாதன் அந்த இடத்தில் தன்னையறியாமல் தானும் அவசரப்பட்டு, தம்பியோடு சேர்ந்துகொள்வார். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், தினமும் அவர்கள் சேர்ந்து செய்த காரியம் இது ஒன்றுதான். அந்த நேரத்துக்காகத்தான் அவர் பகலைத் தள்ளினார் என்றும் சொல்லலாம்.

போன வருஷம் ஜெபமாலை மாதமான அக்டோபர் பிறக்கும் சமயத்தில் அது கெட்டது. ஒருநாள் சாயங்காலம் இவர் 'ஆமென்' சொல்லி அடுத்த மணிக்கு நகர்ந்து, சாமியார் பாதி தூரம் போன பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து 'புனித மரியே' என்று குரல் கிளம்பியது. தூங்கிவிட்டு எழுந்திருப்பான் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். இவர் முடித்த இடத்தில் அவர் தொடங்கினார், அவர் சொல்லும்போது இவர் சாமியாரைக் கேட்க முடியவில்லை. யாரோ நெஞ்சுக்குள் கையை விட்டு மாலை மணியைப் பின்னுக்கு இழுப்பது போல இருந்தது.

"வேணும்னே பண்றான்" என்றார் சவரியம்மாளிடம். "நான் சொல்றத திருப்பிச் சொல்லிக் கேலி பண்றான்."

"ஜெபத்துல யாருங்க கேலி பண்ணுவா?"

"அவன் பண்ணுவான். முப்பது வருஷம் வண்டியில போனவன் நான். தானா லேட் ஆவுறதுக்கும் வேணும்னு லேட் பண்றதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவருக்குத் தெரியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் லியோ பிரபு, ஆல்பர்ட்டின் மகன், லீவுக்கு வந்தபோது அப்பாவின் டிஷ் கனெக்ஷனை நிறுத்திவிட்டு, நெட்டில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தான். சவரியம்மாளுக்கு அது தெரியும். அந்தப் பெட்டிக்கும் இந்தத் தாமதத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த மாதத்தில் அன்பியக் கூட்டம் பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில் நடந்தது. தெருக்காரக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். ஜெபத்தின் கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வார்கள். மழைக்காக ஒருவர், பரீட்சைக்காக ஒருவர், சர்க்கரை குறைய வேண்டும் என்று ஒருவர். இருதயநாதனின் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"அடுத்தவங்க ஜெபம் சொல்றப்ப, வேணும்னே பின்னாடியே இழுத்து இழுத்துச் சொல்லிக் கேலி பண்றவங்க மனம் திரும்பணும்னு, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். வாய்ப்பழக்கம். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆல்பர்ட்டும் மற்றவர்களோடு சேர்ந்து கணீரென்று சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காக மன்றாடினோம் என்பது அவருக்கு உறைத்தது. கூட்டத்தில் நாலு பேர் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், டீச்சர் நீட்டிய சுண்டலை வாங்காமல் வெளியே போனார்.

அன்று முதல் அந்தப் பக்கத்து டிவி சத்தம் அடங்கிப்போனது. ஜெபமாலை நேரத்தில் சுவருக்கு மேலே டிவியின் முணுமுணுப்பு மட்டும் மிதந்து வந்தது. ஆல்பர்ட்டின் குரல் வரவே இல்லை. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார் என்று சவரியம்மாளுக்கு ஓரகத்தி மூலம் தகவல் வந்தது. இருதயநாதனுக்கு முதல் இரண்டு நாள் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் கூடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. 'இறைவனின் தாயே' வந்ததும் பழக்கத்தில் அவசரப்படுவார், சேர்ந்துகொள்ள ஆளில்லாமல் குரல் தனியாக முன்னால் போய் நிற்கும். அவருக்கு அழுகை வந்தது, கோபம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

அரியலூரில் கொடுத்திருந்த மகள் நான்சியும் மருமகனும் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மருமகனுக்குக் கிரிக்கெட் இருந்தால் சோறு வேண்டாம். டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர், ஒரு விக்கெட் விழுந்ததும் தொடையில் தட்டிக் குதித்தார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த பந்து போட்டு முடிந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், ஆல்பர்ட் வீட்டில் மேட்ச் பார்க்கக் கூடியிருந்த தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"பாத்தீங்களா மாப்ள, அங்க எல்லாத்துக்குமே இந்தக் கிண்டல்தான்" என்றார் இருதயநாதன்.

மருமகன் சிரித்தார். "கிண்டல் இல்ல மாமா. அவங்க நெட்டுல பாக்குறாங்க. டிஷ்ல வர்றத விட அது பின்னாடிதான் வரும். நமக்கு அவுட்டானவன் அங்க இன்னும் ஆடிக்கிட்டிருக்கான்."

"எல்லாமே பின்னாடியா வரும்?"

"எல்லாமேதான். டிஷ்ன்னா வானத்துலேருந்து நேரா வூட்டுல எறங்குற எக்ஸ்பிரஸ் மாதிரி. இது ஒவ்வொரு ஸ்டாப்பிங்கா நின்னு வர்ற டவுன் பஸ்."

கண்டக்டருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பிறகு மேட்ச்சில் என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. டீச்சர் வீட்டுக் கூடத்தில் துண்டை உதறிய கைதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. டவுன் பஸ்ஸில் வந்தவனைப் பார்த்து வேண்டுமென்றே லேட் பண்ணினான் என்று ஊர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதுவும் ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு.

"போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் சவரியம்மாள், விஷயம் தெரிந்ததும்.

"என்னன்னு சொல்றது?"

மன்னிப்புக் கேட்பது இருக்கட்டும், முதலில் தம்பியை எப்படிக் கூப்பிடுவது என்பதே இருதயநாதனுக்கு மறந்துபோயிருந்தது. வாசல் வரை போனார். ஆல்பர்ட் வயலுக்குப் புறப்பட்டு மண்வெட்டியோடு வெளியே வந்தார், இவரைக் கண்டதும் வானத்தைப் பார்த்தபடி நடந்தார். இவர் திரும்பி வந்து தமிழழகனுக்குப் போன் போட்டார்.

"தம்பி வூட்டுல மாட்டியிருக்கே, அதே பெட்டி எனக்கும் வேணும். அதே கம்பெனி, அதே லைன்."

தமிழழகன் வந்து பெட்டியை மாட்டினார். "டிஷ் இருக்கட்டுமா சார்?"

"கழட்டிடு."

இத்தனை வருஷச் சண்டைக்குக் காரணமான டிஷ் கீழே இறங்கியது. சவரியம்மாள் அதை வாங்கிக் கோழிக் கூட்டுக்கு மூடியாகக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல்லை வைத்தாள். இருதயநாதன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி இரண்டு வீட்டுக்கும் ஒரே வண்டி, ஒரே டைமிங் என்ற நினைப்பு அவருக்கு.

சாயங்காலம் ஜெபமாலை தொடங்கியது. டிவி சத்தத்தைக் குறைத்துவைத்து, சுவருக்கு மேலே காதைக் கொடுத்தார். அந்தப் பக்கத்துச் சாமியாரின் குரல் முதல் பாதியை முடித்து இறங்கிவிட்டது. இந்தப் பக்கத்துச் சாமியார் இன்னும் பாதி வழியில் இருந்தார். பெட்டியை நிறுத்திப் போட்டார். இப்போது இன்னும் பிந்தியது. மறுபடி நிறுத்திப் போட்டார். கொஞ்சம் கிட்டே வந்தது, சேரவில்லை. போன் போட்டால், "பெட்டிக்குப் பெட்டி மாறும் சார், ஒரே கம்பெனியா இருந்தாலும் ஒண்ணு போல வராது" என்றார் தமிழழகன். முன்பு தம்பி இருந்த இடத்தில், பின்னால், இப்போது இவர் இருந்தார்.

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நடுச்சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் சவரியம்மாள்.

அந்தப் பக்கத்து டிவி ஈனசுரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை பிடிபடவில்லை, சாமியாரின் குரல் இறங்கும் இடம் மட்டும் தெரிந்தது. அந்த இடம் வந்ததும் இருதயநாதன் உரக்கச் சொன்னார், "புனித மரியே."

அந்தப் பக்கத்தில் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்த ஆல்பர்ட்டின் முணுமுணுப்பு நின்றது. இவர் தனியாகச் சொல்லி முடித்தார். சாமியார் அடுத்ததைத் தொடங்கினார் போலிருக்கிறது. இவர் காதைத் தீட்டிக் கேட்டார், ஓரிடத்தில் தப்பாக முந்திக்கொண்டு தொடங்கி, நிறுத்தி, மறுபடி சொன்னார். இந்தப் பக்கம் டிவி ஓடவில்லை என்பதும், தன் வீட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் தடுமாறுகிறார் என்பதும் அந்தப் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மூன்றாவது மணியில் அந்தப் பக்கத்து டிவி சத்தம் ஏறத் தொடங்கியது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், கூடம் முழுவதும் சாமியார் குரல் நிறைகிற வரைக்கும்.

சவரியம்மாள் அடுப்படியிலிருந்து பதறிப்போய் வந்தாள். "ஆரம்பிச்சிட்டாரா? மறுபடியும் சண்டையா?"

"பேசாம இரு" என்றார் இருதயநாதன். "எனக்குக் கேக்கணும்னு கூட்டி வைக்கிறான்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாமியார் முதல் பாதியை முடித்தார். 'இறைவனின் தாயே' வந்தபோது, சுவருக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் அவசரப்பட்டார்கள்.